நாலு கிலோவுக்கு அளந்த பட்டை

என் மனைவிக்கு வளைவு ஆகாது. மலையடிவாரத்துத் தாப்பா டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டிலோ வளைவைத் தவிர வேறொன்றும் கிடையாது. தலைப்பிரசவத்துக்குத் தாப்பாவிலிருக்கும் தாய்வீடு போனபோது, வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் ஜன்னலை இரண்டு கையாலும் பிடித்தவள் கீழே போய்ச் சேரும்வரை விடவில்லை. குடலே வெளியில் வந்துவிடும் போல அப்படியொரு வாந்தி.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த முப்பதாம் நாள் பெயர் வைக்கப் போய் வந்ததோடு சரி. அப்புறம் கொழுந்து வந்த வேகத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி பிள்ளையை ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைத்து வர வேண்டும். மூன்றாம் மாதம் போய்விட்டது. ஐந்தும் போனால் ஏழுவரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து கடிதம் வந்தது.

"வாந்தி வந்தா எனக்கு ரெண்டு கையும் வேணும். பாப்பாவ யாரு புடிப்பா? வளைவுல கை நழுவிட்டா என்னா செய்யிறது? நான் வரல."

மாமியாரைத் துணைக்கு அழைக்கலாம் என்றால் அவருக்கும் அதே வாந்தி. பரம்பரைச் சொத்து.

தோட்ட மேனேஜரான துரையின் காரில் முன்பு ஒரு குழந்தை நாற்காலி இருந்தது ஞாபகம் வந்தது. அவர் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அது ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருந்தது. துரை வீட்டம்மாவிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார். காரின் பெல்ட்டில் மாட்ட வேண்டிய நாற்காலி அது. என் லோரியில் பெல்ட் ஏது? கதவையே கம்பி போட்டுத்தான் கட்டியிருந்தேன்.

வொர்க்‌ஷாப் ஃபிட்டர் என் கூட்டாளி. நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காரை அவன் மலாயில் கெரேத்தா என்றுதான் சொல்வான்.

"மச்சான், இது கெரேத்தாவுக்குச் செஞ்சது. லோரிக்கு ஆவாதுலா."

"ஆக வை" என்றேன்.

சீட்டின் பின்தகட்டில் துளை போட்டு நாற்காலியை போல்ட்டால் முடுக்கினான். பிள்ளையைக் கட்டிவைக்க, பழைய கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டும் பட்டையை அறுத்து எடுத்தோம். எவ்வளவு நீளம் வெட்டுவது? முப்பதாம் நாள் கிளினிக்கில் மகள் நாலு கிலோ இருந்தாள். கொழுந்து நிறுக்கும் தராசில் நாலு கிலோ அரிசி நிறுத்து, துணியில் மூட்டை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்த அளவுக்கே பட்டையை இரு துண்டாக வெட்டி, நாற்காலியின் இருபுறமும் ரிவெட் அடித்து, முனைகளில் கொக்கி வைத்தான். தொளதொளவென்று இருந்தால் ஆபத்து என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

மூட்டையோடு ரிங்லெட் வரை ஓட்டிப் பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாண்ணே, அரிசி மூட்டைக்குச் சீட்டா? நாங்கல்லாம் பின்னால நின்னுக்கிட்டுல்ல போறோம்!"

கேலி செய்துவிட்டுப் போகட்டும். மூட்டை இம்மியும் அசையவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாப்பாவில் உரம் ஏற்றும் நாளில் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவர துரை அனுமதி தந்தார். நாற்காலி செய்திருப்பதை மனைவிக்கு எழுதிப் போட்டேன். மாமியார் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தினேன். மனைவி இடுப்பில் ஒரு குண்டுப் பெண்மணியுடன் வந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள் எங்கே என்று அவளுக்குப் பின்னால் பார்த்தேன்.

பிள்ளையை உட்காரவைத்துப் பட்டையை இழுத்தேன். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"இத யாரு பிள்ளைக்குங்க அளந்தீங்க?" என்றாள் மனைவி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே சுருக்கென்றது. என் மனதில் பிள்ளை அரிசி மூட்டையாகவே இருந்திருக்கிறாள், நாலு கிலோவில்.

அவ்வளவுதான், இனி ஏழாம் மாதம்தான் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்த் தொட்டில் கட்டியிருந்த பழைய சேலையை அவிழ்த்து வந்தாள். நீளமாக மடித்துப் பட்டையின் இரு முனைகளிலும் கோர்த்து, நாற்காலியைச் சுற்றி இழுத்து முடிந்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் உலுக்கினாள். விளையாட்டு என்று நினைத்து மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஏறுங்க, போலாம்" என்றாள் மனைவி.

நடந்து போகிறவன் முந்திவிடும் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் காய்கறி லோரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. மூன்றாம் வளைவிலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள். ஜன்னலில் இரண்டு கை, வெளியே தலை. நடுநடுவே "பாப்பா?" என்பாள். "இருக்கா" என்பேன். அம்மா குனியும்போதெல்லாம் மகளுக்கு ஒரே சிரிப்பு. ரிங்லெட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

"மடியில ஒண்ணும் இல்ல. நிம்மதியா வாந்தி எடுக்கிறேன்லா!"

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கணக்கெழுதும் கிராணி எங்கள் மகளைக் கூடையோடு தராசில் தொங்கவிட்டார். மழை நாளில் ஈரத்துக்கென்று பெண்களின் கொழுந்து எடையைக் கழித்துக் கூலி போடுபவர் அவர்.

"கூடை போக ஏழு கிலோ. ஈரத்துக்கு ஒரு கிலோ கழிச்சிரவா?"

"ஒரு கிராம் கழிச்சுப் பாருங்க கிராணி!" என்றாள் மனைவி. பெண்கள் கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். பல வருடமாக அவர்கள் தொண்டையில் இருந்த பதில் அது.

கூடையிலிருந்து மகளைத் தூக்கினேன். நாலு கிலோ எனக்குத் தெரிந்தது. மீதி மூன்று கிலோ நான் பக்கத்தில் இல்லாமலே வந்து சேர்ந்தது.

"கனக்கிறாள்ல, குடுங்க" என்று மனைவி கை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.