சூடாகும்வரை சத்தம் வராத பெட்டி

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. கிட்டார் வாசிக்க வந்தவர் தன் போனைக் காட்டி, "பழைய வால்வ் அம்ப் சத்தமும் இதுக்குள்ள இருக்கு, அக்கா" என்றார். விரலால் தட்டினார், உடனே சத்தம் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உடனே பேசுகிற எதையும் நான் நம்புவதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்த அம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி, அவசரப்படாது. சுவிட்சைப் போட்டால் உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவக்கும். தூசி கருகும் மணம் வரும். அரை நிமிடம் போனபிறகுதான் ஒரு "ம்ம்ம்". குமிழைக் குறைத்து வைத்தால் கிட்டார் கம்பி தேனாக ஒலிக்கும். கூட்டினால் அதே கம்பி தொண்டை கட்டிய ஆள்போலக் கரகரக்கும். கிட்டார் வாசிக்கிற அன்ரன் அண்ணாவுக்கு அந்தக் கரகரப்புத்தான் உயிர். "நல்ல சத்தத்தக் கெடுக்கிறதுக்கு ஒரு பெட்டி" என்பார் அப்பா.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கைநாட்டு. அண்ணாவும் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. வீட்டில் முதலில் படித்தது நான்தான். விஞ்ஞானத்தில் வகுப்பில் முதலாவது. (இதை எங்கேயாவது நுழைக்காமல் எனக்குக் கதைக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சண்டைக் காலம். தமிழ் வீடுகளுக்குச் சோதனை வருவது வழக்கம். ஒருநாள் காலை வந்த பொலிஸ் சார்ஜன் நேரே அம்புக்கு முன்னால் போய் நின்றார். ரகசியச் செய்தி அனுப்புகிற பெட்டி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மொகத்த மே?" இது என்னவென்று அப்பாவிடம் கேட்டார்.

"தெரியாது மாத்தயா."

எதைக் கேட்டாலும் அப்பாவின் பதில் அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் விளக்கினேன்: "சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி, சேர். கிட்டாரைத் தவிர வேற ஒரு குரலும் இதுல வராது."

"அப்ப போடு."

போட்டேன். சத்தமில்லை.

"சூடாக வேணும், சேர்."

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "ம்ம்ம்" வந்தது. அதன் அடியிலிருந்து ஒரு பெண் தமிழில் கதைத்தாள்: "மீனை நாலாக வெட்டுங்கோ. மஞ்சள் அரைக் கரண்டி. திரும்பவும் சொல்லுறன், எழுதிக்கொள்ளுங்கோ."

கிட்டாரின் வயர் நைந்து, வானொலியைப் பிடித்திருக்கிறது. அது பிடிக்கும் என்று எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை.

"என்ன சொல்றா?"

"மீன் சொதி வைக்கிற விதம், சேர்."

"ஒரு குரலும் வராது எண்டு நீதானே சொன்னாய்?"

அண்ணாவையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அண்ணா மட்டும் வந்தார். யார் காட்டிக்கொடுத்தது என்று ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகச் சந்தேகித்தேன். சத்தம் கூடிப்போச்சு என்று முறையிட்ட எதிர்வீட்டு மாமியோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது சார்ஜனுக்கு விளக்கம் சொன்ன என் வாய்தான். "தெரியாது" என்று சொல்ல நான் படித்திருக்கவில்லை.

பிறகு அண்ணா ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் அம்ப் வாங்கினார். போட்டவுடன் பேசும். குமிழ் எப்போதும் ஒன்றில்தான் நிற்கும்.

"கொஞ்சம் கூட்டுங்களன், அண்ணா."

"வேணாம் தங்கச்சி. விளங்காத சத்தம் கேட்டா வந்து கேப்பாங்கள்."

சண்டை முடிந்தபிறகும் அவர் கூட்டவில்லை.

போன கிழமை அந்தக் கலியாண மண்டபத்தில் போனுக்குள்ளிருந்து அந்தக் கரகரப்பு வந்தது, அசல் அதேபோல. ஒருவரும் திரும்பவில்லை. நான் மட்டும் வாசலைப் பார்த்தேன்.