ஒன்பதாம் மணிக் கட்டம்

என் தங்கை ஜெயித்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். ஏழு வயதில் காய்ச்சல் வந்து, டாக்டர் கைவிரித்த பிறகும் எழுந்து உட்கார்ந்தாள். என் தையல் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படித்து, எங்கள் குடும்பத்தில் யாரும் தாண்டாத பத்தாம் வகுப்பைத் தாண்டினாள். ஓர் ஆபீஸ் தூக்கிப் போட்ட மூன்று செத்த கம்ப்யூட்டர்களைப் பிரித்து, உயிருள்ள ஒன்றைச் செய்தாள். ஒரு பெண்ணும் உட்காராத கம்ப்யூட்டர் கடையில், மெஷின்களின் வேகத்தைக் கூட்டித் தரும் ட்யூனிங் மேஜையில் உட்கார்ந்தாள்.

நான்காவது நான்கு வருடம் முன்பே நடந்திருக்க வேண்டும். நடக்காததற்குக் காரணம் நான்.

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை, கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு ஓவர்க்ளாக் என்று பெயர். வேகம் ஏறினால் சூடும் ஏறும். சூடு மிஞ்சினால் மெஷின் தானாக அணைந்துவிடும். எவ்வளவு ஏற்றலாம், எங்கே நிறுத்தலாம் என்பதுதான் வித்தை. எட்டாவது வரை படித்த எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். கூடவே ஒன்று சொல்வாள்: "தூசிதான்க்கா முதல் எதிரி."

அந்தக் கடைக்காரருக்கு மூக்குக்கண்ணாடி தடிமனால் சோடாபுட்டி என்று பெயர். தங்கைக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ட்யூனிங் மேஜைக்கு ஆள் தேடினார். இவளும் இன்னொரு பையனும் கேட்டார்கள்.

"உன் மெஷின பன்னெண்டு மணி நேரம் முழு பாரத்துல ஓட்டி, முடிவு எழுதுன சீட்ட நாளன்னிக்குக் காலைல கொண்டாம்மா" என்றார்.

"பத்து மணி நேரம் பத்தாதா சார்?"

"இங்க பன்னெண்டு மணி நேரம் நிக்காதது, கஸ்டமர் வீட்ல பன்னெண்டு நிமிஷம் நிக்காது."

அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வேகம் நாலு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ். கையில் இருந்தது மறுநாள் ஒரு பகல்தான். காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிட்டு, அப்போது வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினாள். பன்னிரண்டு கட்டம் போட்ட நோட்டை என்னிடம் தந்தாள்.

"மணிக்கு ஒரு தடவ இந்தச் சூட்டு நம்பரப் பாத்து எழுதுக்கா. எண்பதத் தாண்டினா உடனே ஃபோன் பண்ணு."

"தையக்காரிகிட்டயா அளவு எழுதச் சொல்ற? கண்ண மூடிக்கிட்டே எழுதுவேன்டி."

"தாயே, கண்ணத் தொறந்துக்கிட்டு எழுது. அது போதும்."

எட்டு மணி நேரம் ஒழுங்காக எழுதினேன். எழுபது, எழுபத்தொன்று, கடைசி மூன்று முறையும் எழுபத்திரண்டு. மூன்று மணிக்கு மேல் கீழ்வீட்டுத் தச்சர் பலகை இழைக்க ஆரம்பித்தார். எங்கள் ஜன்னலுக்கு ஒரு கதவு இல்லை. மரத்தூள் மாவுபோல உள்ளே வந்தது. தைத்த யூனிஃபார்ம்களைக் கொடுக்க நான் கிளம்ப வேண்டியிருந்தது. கம்ப்யூட்டருக்கென்று தடித்த துணியில் ஓர் உறை தைத்து வைத்திருந்தேன். அவளுக்கு வேலை கிடைத்ததும் கொடுக்க. அதை எடுத்து மேலிருந்து கீழ்வரை மூடினேன். எதிரி தூசிதானே.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து வந்தேன். ஃபேன் சத்தம் இல்லை. திரை கறுத்திருந்தது. உறை, இஸ்திரி போட்ட சட்டைபோலச் சுட்டது. உருவியெடுத்து, தையல் மெஷினுக்கு அடியில் திணித்தேன். நோட்டில் ஒன்பதாம் கட்டம் காலியாக இருந்தது. என் அளவு நோட்டில் நான் ஒருநாளும் காலிக் கட்டம் விட்டதில்லை. எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

தங்கை வந்து நோட்டையே பார்த்தாள்.

"ஒன்பதாவதுலயும் எழுபத்திரண்டுதானா?"

"ம்."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்டி."

"அப்ப சூடு காரணமில்ல. என் கணக்குதான் தப்பு."

ஒன்பது மணி நேரத்தில் அணைந்துவிட்டது என்று மறைக்காமல் சீட்டில் எழுதினாள். கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கேட்டதற்கு, "நிக்காத மெஷினுக்கு எதுக்குக்கா கையெழுத்து?" என்றாள். மேஜை அந்தப் பையனுக்குப் போனது. இவளுக்கு அதே கடையில் ஒயர் விற்கும் கவுன்ட்டர். வீட்டுக் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பழையபடி குறைத்தாள். அதன் பிறகு எதையும் கூட்டிப் பார்க்கவில்லை. "எனக்கு அந்தக் கை இல்லக்கா" என்பாள். நான் குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன்.

நான்கு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளரிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "மேல துணி போட்டு மூடுனீங்களாம்மா? காத்து போகலேன்னா உள்ள வெந்துடுமே, தானா அணைஞ்சுடும்."

என் கால் தையல் மெஷின் மிதியில் நின்றுவிட்டது. எனக்கு அது புதிய செய்தியென்று சொல்ல மாட்டேன். உறையின் சூடு அன்றே என் கைக்குத் தெரிந்தது. அவள் ஃபோனை வைத்ததும் சொன்னேன்.

"அந்த ஒன்பதாம் மணி... நான் பாக்கல. உறை போட்டு மூடிட்டுப் போனேன்."

"காலியா விட்டிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்க்கா" என்றாள். "உலகத்துல யார் நம்பரையும் சந்தேகப்படுவேன். உன்னோடதப் போய்ச் சந்தேகப்படுவேனா?"

"திட்டிடுடி."

"சட்டைன்னா பிரிச்சுத் தைப்ப. நாலு வருஷத்த எங்கேருந்து பிரிப்ப?"

மறுநாள் அதே கம்ப்யூட்டரை அதே நாலு புள்ளி ஆறில் ஓட்டினாள். புது நோட்டு ஒன்றை என்னிடமே நீட்டினாள். நான் இடத்தைவிட்டு எழவில்லை. பன்னிரண்டாம் கட்டத்தில் எழுபத்துமூன்று எழுதினேன்.

"ஓடிருச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கும் ஓடியிருக்கும்." அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அப்படியே நின்றாள். நான் பின்னால் போகவில்லை. பழைய நோட்டைத் தேடியெடுத்து, ஒன்பதாம் கட்டத்தை அடித்து, 'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை இருவரும் புதிய சீட்டோடு கடைக்குப் போனோம். சோடாபுட்டியிடம் நடந்ததை நானே சொன்னேன். இரண்டு நோட்டையும் கண்ணருகே வைத்துப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ட்யூனிங் மேஜையில் இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சீட்டு சரி. வேகம் வச்சவங்க கையெழுத்து எங்கம்மா?"

தங்கை பேனாவுக்காக என் பக்கம் கை நீட்டினாள். தன் பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்: 11 மார்ச் 2019.