வெள்ளிக்கிழமை போன்

பெருநாளுக்கு முந்தின நாள் மருதாணி வைக்கக் கையை நீட்டச் சொன்னேன். பர்வீன் உள்ளங்கையை மட்டும் காட்டினாள். சட்டைக் கையை மறு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். பத்தாவது படிக்கும் மகளுக்கு என்னிடம் என்ன ஒளிவு மறைவு என்று சிரித்துக்கொண்டே விலக்கினேன். ஆறியதும் ஆறாததுமாகக் காயங்கள்.

காதல் விவகாரம் என்றாள் என் தங்கை. கண்ணேறு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து மகளோடு திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

மனநல மருத்துவர் அதைச் சுயகாயம் (தாங்க முடியாத உணர்ச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்வது) என்றார். சாக நினைத்ததுண்டா என்று அவளிடமே நேராகக் கேட்டார். "இல்ல டாக்டர்" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

என்னிடம், "ஏன் செஞ்சேன்னு அதட்டாதீங்கம்மா. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடக்குதுன்னு கவனிங்க" என்றார்.

எனக்கு எதையும் துருவிப் பார்க்கும் புத்தி. ஊர் வம்புக்குப் பயன்பட்டது இதற்கும் பயன்பட்டது. சில வாரங்களில் பிடிபட்டது: வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து சவூதியிலிருந்து அவள் அத்தா, என் வீட்டுக்காரர், போன் செய்யும் நாள்.

அந்தப் போனில் எங்கள் பக்கம் யாரும் அழுவதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் 'நல்லா இருக்கோம்'தான். "அவங்க அங்க தனியா கெடக்குறாங்க, சிரிச்சுப் பேசு" என்று ரிசீவரை நீட்டுவது நான்தான்.

மெதுவாகக் கேட்டேன். "அத்தா மேல கோவமா வருதும்மா. நமக்காகத்தானே அங்க கஷ்டப்படுறாங்க. அவங்க மேலயே கோவப்படுறேனே, நான் என்ன புள்ள?" என்று அழுதாள். கோபம், அதன்மேல் குற்ற உணர்ச்சி. இரண்டையும் அந்தச் சின்ன உடம்புக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படியென்றால், காயத்துக்கு முன்னால் வந்த உணர்ச்சியைத் தேடுங்கள். தனியாகத் தேடாதீர்கள், மருத்துவரோடு தேடுங்கள். எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. நடுவில் சறுக்கியதும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே போனை எடுத்தாள். "அத்தா, நான் நல்லா இல்ல. நீங்க இங்க இல்லாதது எனக்குக் கோவமா இருக்கு."

நான் ரிசீவர் பக்கம் காதைச் சாய்த்தேன். அவர் குரல் எனக்கும் கேட்டது: "சொல்லும்மா. போன் கார்டுல காசு தீர்ற வரைக்கும் கேக்குறேன்."

வெகுநேரம் பேசினாள். காயம் ஆறிய கையால் ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"நீ எப்படி இருக்கே?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை வருட வெள்ளிக்கிழமைகளாக இப்படி நின்றேனோ!

"நல்லா இல்லங்க" என்றேன்.