தெருவை வளைத்த அங்கப்பன்

"ஏனுங்க, இந்தச் சுவத்துக்குக் கொஞ்சம் வெள்ளையடிச்சுப் போடுங்க. அப்படியே அந்தத் தண்ணித் தொட்டிய அக்கட்டால நகத்தி வெச்சுருங்க."

கணபதி என்கிற பகுதியில் ஒரு பேக்கரி வாசலில், ஸ்கூட்டரில் சாய்ந்தபடி அங்கப்பன் இப்படிக் கெஞ்சுவதைக் கேட்டால் எதிரே கொத்தனார் நிற்கிறார் என்றுதான் தோன்றும். எதிரே யாருமில்லை. கையில் கைபேசி, அதில் சொன்னபடி படத்தை மாற்றித் தரும் செயலி. அதனிடம் அவர் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. "நம்ம சொல்ற வேலையச் செய்றவங்க. மரியாதை குடுக்கோணுமில்லீங்க?" என்பார். படம் வந்ததும், "ரொம்பச் சந்தோசமுங்க" என்று நன்றியும் சொல்லிவிடுவார்.

இருபத்து மூன்று வருடமாக வீட்டுத் தரகர். வெளுத்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருநீறு, இடுப்பு பெல்ட்டில் தொங்கும் சாவிக்கொத்து. பூட்டிக் கிடக்கும் பன்னிரண்டு வீடுகளின் சாவிகள் அதில் இருக்கின்றன. காசை நம்பிக் கொடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு, சாவியை நம்பிக் கொடுப்பதுதான் பெரிது என்பது அவர் கட்சி. கொத்து குலுங்கும் சத்தத்தை வைத்தே தெருநாய்கள் அவரை அடையாளம் கண்டு சும்மா இருந்துவிடும். முட்டி வலி இருப்பதால் மாடிப்படி மட்டும் ஏறமாட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் பாக்காத ஊடுங்களா?" என்று கீழேயே நின்றுகொள்வார்.

வாயால் பொய் சொல்வதில்லை என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். முன்பெல்லாம் மிஞ்சிப்போனால் "காத்து அள்ளிக்கிட்டுப் போகுமுங்க" என்பதோடு சரி. இப்போது மிச்சத்தைக் கைபேசி பார்த்துக்கொள்கிறது. எதிரே லேத் பட்டறை இருந்தால் படத்தில் அந்த இடத்தில் அல்லிக்குளம் இருக்கும். ஒருமுறை ஒரு வீட்டுக் கூடத்தில் குளிர்காய்கிற கணப்பு அடுப்பு முளைத்துவிட்டது. பங்குனி வெயிலில் வீடு பார்க்க வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைத் தேடினார். அங்கப்பன் அசரவில்லை. "நான் ஒரு வார்த்தை சொன்னனுங்களா? படந்தானுங்க சொல்லுச்சு."

பன்னிரண்டு சாவிகளில் மூத்தது, பக்கத்துத் தெருவில் மகனோடு குடியிருக்கும் லட்சுமியம்மாளுடையது. அங்கப்பன் யாரென்றே ஊருக்குத் தெரியாத காலத்தில், வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லி முதன்முதலாகச் சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். இப்போது மகனுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது, வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் ஒரு குறையும் இல்லை, தெருவில்தான் குறை. நேரே வந்து வாசலில் முட்டுகிற தெருக்குத்து. அதற்குக் காவலாக மதில் மாடத்தில் ஒரு சாண் உயரப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் அவரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து வண்டியைத் திருப்பிவிடுவார்கள். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

"ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க அங்கப்பா. இல்லீன்னா சாவியக் குடுத்துருங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் லட்சுமியம்மாள். அங்கப்பன் அன்றே கைபேசியை எடுத்தார்.

"ஏனுங்க, இந்தத் தெருவக் கொஞ்சம் வளைச்சு உடுங்க."

தெரு வளைந்தது. வளைந்த வேகத்தில் பிள்ளையாரும் காணாமல் போனார். அங்கப்பன் விளம்பரத்தில் போட்ட அந்தப் படத்தை மகன் காட்ட, லட்சுமியம்மாள் போன் போட்டார். "எங்கூட்டுப் பிள்ளையார எங்கீங்க?" அங்கப்பன் மறுபடியும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பிள்ளையாரை வரவழைத்தார். பளிங்கில், ஒரு முழ உயரத்தில், தட்டு நிறையக் கொழுக்கட்டையோடு வந்தார். கொழுக்கட்டையின் அழகில் மயங்கிய அங்கப்பன் தும்பிக்கையைக் கவனிக்கவில்லை. அது வலப்பக்கம் வளைந்திருந்தது. வலம்புரிப் பிள்ளையாரோடு வீடு கிடைப்பது லேசா? புதுப் படத்தைப் போட்ட அரைமணி நேரத்தில் பவானியிலிருந்து சென்னிமலை என்பவர் பேசினார். "நாளைக்கே ஊட்டுக்காரியோட வாரனுங்க."

அங்கப்பன் அவர்களைப் பின்சந்து வழியாக வரச்சொன்னார். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மாடத்தை மறைத்து ஸ்கூட்டரை நிறுத்தி, மீதி இடத்தைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டார். வந்தவர்களுக்கு வீடு பிடித்துப்போயிற்று. ஆனால் சென்னிமலையின் மனைவி ரங்கநாயகி வெளியே வந்ததும் கேட்டது ஒன்றுதான். "அந்த வலம்புரிப் பிள்ளையார் எங்கீங்க? அவரப் பாத்துதானுங்க வந்தோம்."

அந்த நேரம் பார்த்து லட்சுமியம்மாள் அருகம்புல்லோடு வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க அங்கப்பா, சாமிக்கு வெக்கோணும்."

அங்கப்பன் தள்ளினார். மாடத்தில் எண்ணெய் மினுங்க, தும்பிக்கையை இடப்பக்கம் வளைத்து, எப்போதும்போல் உட்கார்ந்திருந்தார் பிள்ளையார். ரங்கநாயகி அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, மூக்குக்கு நேராக நீண்டு கிடந்த தெருவைப் பார்த்தார்.

"ஏனுங்க, படத்துல தெரு வளைஞ்சு போச்சுங்களே?" என்றார் சென்னிமலை.

'படந்தானுங்க சொல்லுச்சு' என்பது அங்கப்பனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லட்சுமியம்மாள் அருகம்புல்லும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கப்பன் சென்னிமலை பக்கம் திரும்பினார். "தெருக்குத்துதானுங்க. நாந்தான் வளைக்கச் சொன்னனுங்க. பாவம், அவங்க மேல தப்பில்லீங்க" என்று கைபேசியைக் காட்டினார்.

"ஊருக்குப் போய்க் கலந்துபோட்டுச் சொல்றோமுங்க" என்றார் சென்னிமலை. அதற்கு என்ன அர்த்தம் என்று இருபத்து மூன்று வருடத் தரகருக்குத் தெரியாதா? கார் நேர் தெருவிலேயே போய் மறைந்தது.

லட்சுமியம்மாள் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

அங்கப்பனின் கை சாவிக்கொத்துவரை போய்த் திரும்பியது. செருப்பைக் கழற்றினார். கைபேசியைப் பிள்ளையார் காலடியில் வைத்தார். காதுகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் முட்டி சொடுக்கியது, பன்னிரண்டு சாவியும் குலுங்கின. மூன்றோடு நிறுத்துவார் என்று பார்த்தால் நிறுத்தவில்லை. ஏழாவதில் எழ முடியாமல் மதிலைப் பிடித்து எழுந்து, மறுபடியும் காதைப் பிடித்துக்கொண்டார்.

"போதுமுங்க, முட்டி போயிரும்" என்று லட்சுமியம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அங்கப்பன் எட்டாவதுக்கு உட்கார்ந்தார்.