ராஜபாய் பெருக்காத விளை

ஈர்க்கில் வாரியலின் அடியைத் தரையில் நாலு குத்துக் குத்தி நேர்ப்படுத்திவிட்டு, ராஜபாய் கல்லூரி வாசலிலிருந்து பெருக்கத் தொடங்குகிறாள். தனுவச்சபுரத்துக்கு வரும் முதல் பஸ் மாணவர்களை இறக்குவதற்குள் மாமரத்தடி, சைக்கிள் நிறுத்துமிடம், ஆபீஸ் முற்றம் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அவள் பெருக்கிய தரையில் சோறு போட்டுத் தின்னலாம் என்பார் வாட்ச்மேன் பொன்னுதாஸ். சொல்லிவிட்டு அங்கேயே வெற்றிலை துப்புவார், அது வேறு கதை.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்குப் பின்னால் உள்ள விளையைப் பார்த்தால் யாரும் மூக்கில் விரல் வைப்பார்கள். செங்கல் என்ற ஊரில் அவளுக்கு இருப்பது கையகலத் தோட்டம். அயினி மரமும் கொல்லாமரமும் உதிர்த்த சருகு அதில் கணுக்கால் புதையக் கிடக்கும். கொத்துவதில்லை, தண்ணீர் விடுவதில்லை, தீ வைப்பதில்லை. விழுந்த பலாமரத்தைக்கூட அறுக்க விடவில்லை. கிடந்த இடத்திலேயே மக்கிக் காளான் பூத்தது. கீரி ஓடும், செம்போத்து நடக்கும், அயினி பழுத்தால் மைனாக்களின் சண்டையில் காது அடைத்துப்போகும். விடிந்ததும் முற்றம் பெருக்காத வீட்டில் மூதேவி குடியிருப்பாள் என்று நம்பும் ஊர் இது. அடுத்த வீட்டுச் சதாசிவன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, பாம்பா வளத்துதிய?" என்று கேட்பார். "கீரி உண்டு மக்கா, அது பாத்துக்கிடும்" என்பாள்.

சோம்பல் ஒன்றுமில்லை. எல்லாம் ஒரு குருவிக்காக; அதை யாரிடமும் சொன்னதில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வரும். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, வால் என்று சொல்ல ஒரு துண்டு. சருகைப் புரட்டிப் புழு தின்னும். சருகு இல்லாத இடத்தில் இறங்காது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்கும். ராஜபாயின் மகள் விமலகுமாரியும் வடக்கேதான், இந்தூரில் நர்ஸ். அவள் வருவது அத்திபூத்தாற்போல. குருவி வருஷம் தவறாது. மகள் வராத வருஷங்களில் அந்த விசிலைக் கேட்ட பிறகுதான் ராஜபாய்க்கு அடுப்பு மூட்டவே மனம் வரும். "அவ ஊரு வழியா வாறதாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

போன ஐப்பசியில் குருவி வந்த கையோடு மகளும் வந்தாள். ஊருக்கெல்லாம் பெருக்கி அம்மாவுக்கு முதுகு ஒடிகிறது, சொந்த விளையைப் பெருக்க ஆளில்லையே என்று பெண்ணுக்கு மனசு பொறுக்கவில்லை. ராஜபாய் வேலைக்குப் போயிருந்த பகலில் சருகு முழுவதையும் கூட்டிக் குவித்து, பலாத்தடியோடு சேர்த்துத் தீ வைத்துவிட்டாள். ராஜபாய் திரும்பியபோது விளை மொட்டையாகப் புகைந்துகொண்டிருந்தது. மகளின் முகமெல்லாம் கரி, வாயெல்லாம் சிரிப்பு.

"இனி அம்மைக்கு ஒரு வேலையும் இல்ல, பாத்தியளா?"

ராஜபாய் புகைகிற குவியலைப் பார்த்தாள். ஆசையாகச் செய்த பிள்ளையிடம் எதைச் சொல்ல? "நல்லா இருக்கு மக்களே" என்றாள். அன்று மாலையிலிருந்து விசில் இல்லை. கோழியை அடைக்கப் போவதாகச் சொல்லி ஆறு மணிக்கு விளையில் போய் நிற்பாள். சும்மா திரும்பி வருவாள். மகளையும் குருவியையும் ஒன்றாய்த் தரக் கர்த்தருக்கு மனமில்லையே என்று உள்ளுக்குள் அழுதாள். லீவு முடிந்து மகளும் ரயிலேறினாள்.

இந்த வருஷம் வர முடியாது என்று விமலகுமாரி எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். ராஜபாய் இப்போது கல்லூரியில் கூட்டுகிற சருகைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மிட்டாய்த்தாள்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சருகைக் கையாலேயே அள்ளி விளையில் விரிக்கிறாள். ஐப்பசி பாதி போய்விட்டது. இன்னும் விசில் இல்லை.

ஆள் அனக்கம் கேட்டால் குருவி இறங்காது என்று, பொழுது சாயும்போது பின்கதவை மெல்லச் சாத்துகிறாள். அதன் இரும்புக் கொண்டி விழுந்தால் ‘டக்’கென்று சத்தம் போடும். அது விழும் இடத்தில் தன் விரலை வைக்கிறாள். கொண்டி விரல்மேல் விழுகிறது. விரலை எடுக்காமல், கதவோரம் அப்படியே நிற்கிறாள்.