பெயர் மட்டும் அழுந்தியிருந்த உத்தரவு

1. பதினோரு நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒருநாள் காலை ஊரூர் குப்பத்து மீனவர் கன்னியப்பன், தன் அண்ணன் மகள் அஞ்சலையை அழைத்துக்கொண்டு வந்தார்.

"பொண்ண நாட்ட வுட்டே போவச் சொல்லிட்டாங்க சார். இன்னும் பதினோரு நாளுதான் கீது" என்றார்.

அஞ்சலை ரங்கூனில் பிறந்தவள். அப்பா குப்பத்திலிருந்து அங்கே துறைமுக வேலைக்குப் போனவர், அம்மா பர்மாக்காரி. இருவரும் இறந்துபோனார்கள். அங்கே தமிழர்கள் இருக்க முடியாத நிலை வந்தபோது, கப்பலேறி சித்தப்பாவிடம் வந்துவிட்டாள். இங்கேயே தங்க அனுமதி கேட்டு மனு போட்டாள். அப்பாவின் கடிதங்கள், பிறப்புச் சான்று, வீட்டைப் பறித்துக்கொண்ட நோட்டீஸ் எல்லாவற்றையும் இணைத்திருந்தாள். வந்த பதில் மூன்றே வரி. மனுவும் ஆவணங்களும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, கோரிக்கையை ஏற்பதற்கில்லை, முப்பது நாளில் வெளியேற வேண்டும்.

"ஏன்னு ஒரு வார்த்தை போடலியே சார்? அங்க போனா எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காரணம் சொல்லாத உத்தரவு செல்லாதுன்னு ரிட் போடலாம். ஆனா, எல்லாத்தையும் பார்த்துட்டோம்னு அவா சொல்லிண்டு நின்னா, பார்க்கலைன்னு நாம எப்படிக் காட்டறது?"

2. தாளின் பின்பக்கம்

கோர்ட்டுக்குக் கொடுக்க அந்த உத்தரவைப் பிரதி எடுப்பது என் வேலை. தாளைத் திருப்பியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. டைப்ரைட்டரில் அடித்தால் எழுத்து தாளில் அழுந்தும், பின்பக்கம் தடம் தெரியும். ஸ்டென்சில் வெட்டி, மை உருளையில் ஓட்டி, ஒரே வாசகத்தை நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைலில் மை மட்டும்தான் ஊறும். இந்தத் தாளில் அஞ்சலையின் பெயர், மனு எண், தேதி ஆகிய மூன்று மட்டும் அழுந்தியிருந்தன. மற்ற எதற்கும் தடமே இல்லை.

"சார், இது சைக்ளோஸ்டைல்" என்றேன்.

"கவர்மெண்ட்ல எல்லாமே சைக்ளோஸ்டைல்தானேம்மா?"

"இதுல பேரும் நம்பரும் தேதியும் மட்டும்தான் டைப் சார். மீதி எல்லாம் முன்னாடியே அடிச்சு வச்சது. கவனமா பரிசீலிச்சோம்கிற வரியும் அதுலயேதான் இருக்கு."

வக்கீல் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார். "கோமதி, அபிடவிட்ல இதுக்குத் தனியா ஒரு பாரா போடு" என்றார்.

3. ஜட்ஜின் விரல்

கெடு முடிவதற்குள் ஸ்டே வாங்கிவிட்டோம். இறுதி விசாரணைக்கு என்னையும் கோர்ட்டுக்கு வரச் சொன்னார் வக்கீல். அரசு வக்கீல் எழுந்து, அதிகாரி ஒவ்வொரு ஆவணத்தையும் படித்த பிறகே முடிவெடுத்தார் என்று அடித்துச் சொன்னார்.

ஜட்ஜ் அசல் உத்தரவைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளைத் திருப்பி ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவினார்.

"இந்தப் பெண்ணின் பெயர் தெரிவதற்கு முன்பே அதிகாரி அவளுடைய ஆவணங்களை எப்படிப் பரிசீலித்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அரசு வக்கீல் ஃபைலைப் புரட்டினார்.

உத்தரவு ரத்து. வேறு அதிகாரி அவளை நேரில் விசாரித்து, காரணம் எழுதி, புதிதாக முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பை அஞ்சலைக்குத் தமிழில் சொன்னது நான்தான். அவள் என் கையைப் பிடித்தவள் வராண்டாவின் கடைசிவரை விடவில்லை.

4. நாலு பக்கம்

புது அதிகாரி அவளை உட்காரவைத்து ஒரு பகல் முழுக்க விசாரித்தார். தங்க அனுமதி கொடுத்து அவர் போட்ட உத்தரவு நாலு பக்கம். ஆபீஸில் அதை நான் வாசித்தபோது கன்னியப்பன் நின்றுகொண்டே கேட்டார். அவர் அண்ணனின் கடிதத்தை அதிகாரி நம்பியதற்கான காரணம் இரண்டாம் பக்கத்தில் வந்தது.

"அண்ணன் பேரு போட்டுகீதா? இன்னொரு தபா படிம்மா" என்றார். படித்தேன். மூன்றாம் தடவை வக்கீலே வாங்கிப் படித்தார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். முடியாது என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் யாருக்குச் சொல்கிறோம், எதற்காகச் சொல்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் அவர் அதைச் சொல்ல வேண்டும்.