நீர்வேலியில் தண்ணீர் முறை நாள்

வல்வெட்டித்துறையில் தங்கராசாவின் மச்சான் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுக் கடற்கரை றோட்டில் நடக்கத் தொடங்கியபோது காலை பத்து மணி. மச்சான் வழக்கமான பதிலைத்தான் சொல்லியிருந்தார்.

“அத்தான் இஞ்சை இல்லைத் தம்பி. வன்னிப் பக்கம் போட்டார்.”

“வந்தால் சொல்லுங்கோ, நான் திரும்பவும் வருவன் எண்டு.”

“வாரும், வாரும். எங்கடை நாய்கூட இப்ப உம்மைப் பாத்துக் குரைக்கிறதில்லை.”

தங்கராசா நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவன். என் ஓட்டோவைப் பாதிக் காசு தந்து எடுத்துப்போய், மீதியைத் தராமலே வேறு ஆளுக்கு விற்றுவிட்டான். வழக்குப் போட்டேன், வென்றேன். தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற உத்தியோகத்தரை இங்கே பிஸ்கால் என்பார்கள். முன்பு அவர் பறிமுதல் செய்யப் போனபோது, தோட்டமும் குலையும் மச்சானுடையவை, உடுத்திருக்கும் சாரம் மட்டுமே தன்னுடையது என்று தங்கராசா சொல்லி அனுப்பிவிட்டான். அந்த ஓட்டோவை வாங்க நான் அடகு வைத்தது மானிப்பாயில் இருக்கும் என் தங்கச்சியின் சங்கிலி. வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. பிறகு ஏலம். அன்று புதன்.

நெல்லியடிவரை ஒரு மீன் வானின் பின்பக்கம் இடம் கிடைத்தது. அங்கிருந்து நீர்வேலிக்குப் பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். பஸ்ஸுக்கு எண்பது ரூபா. வல்லைவெளியில் காற்று சட்டையிலிருந்த மீன் நாற்றத்தைக் கொஞ்சம் குறைத்தது. முழுக்க அல்ல. பக்கத்தில் இருந்தவர் புத்தூரில் வேறு சீற்றுக்கு மாறிவிட்டார்.

நீர்வேலியில் நடேசண்ணையைத் தேடிப் போனேன். அவரும் தங்கராசாவும் ஒரே கிணற்றின் பங்காளிகள். இப்படிப் பங்குக் கிணறுகளில் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. தன் முறையைத் தவறவிட்டவன் அடுத்த சுற்றுவரை வாழை வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“நாளைக்கு விடிய அவன்ரை முறை,” என்றார் நடேசண்ணை. “வன்னியிலை இல்லை, வானத்திலை இருந்தாலும் இறங்கி வருவான். நீர் பிஸ்காலைக் கூட்டிக்கொண்டு வாரும். மிச்சத்தை நான் கதைக்கிறன்.”

வியாழன் காலை ஆறரைக்குப் பிஸ்கால் ஐயாவை வாடகை ஓட்டோவில் கூட்டிப்போனேன். கிணற்றடியில் வெட்டிய குலைகள் சந்தைக்குப் போக அடுக்கியிருந்தன. நாங்கள் அவற்றின் பின்னால் மறைந்து நின்றோம். நடேசண்ணை தன் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

தங்கராசா மண்வெட்டியோடு ஓடிவந்தான். “என்ன அண்ணை, இண்டைக்கு என்ரை முறையெல்லோ?”

“தோட்டம் உன்ரை இல்லை எண்டு நீதானே சொன்னனி. தோட்டம் இல்லாதவனுக்கு முறை என்னத்துக்கு? உன்ரை மச்சானை வரச்சொல்லு.”

“அவன் ஆர்? ஒரு வாழைக்குட்டி நட்டவனே? காணி என்ரை, கிணத்திலை பங்கு என்ரை, உந்தக் குலையெல்லாம் என்ரை.”

“உந்தக் குலைகளோ?” என்று கேட்டபடி பிஸ்கால் ஐயா முன்னால் வந்து, பறிமுதல் எழுதப் பேனாவைத் திறந்தார்.

தங்கராசா என்னைப் பார்த்தான். மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தான். சந்தை லொறி றோட்டில் ஹோண் அடித்துக்கொண்டு நின்றது. அவன் போன் எடுத்துப் பேசினான். வெயில் ஏறுமுன் மச்சான் மோட்டார்சைக்கிளில் காசோடு வந்து சேர்ந்தார்.

“உங்கடை அத்தான் வன்னியிலை இருந்து எப்ப வந்தவர்?” என்று கேட்டேன்.

“எண்ணிப் பாரும் தம்பி,” என்றார் அவர்.

காசு சரியாக இருந்தது. கடன் தீர்ந்தது என்று பிஸ்கால் ஐயா முன்னால் கையெழுத்து வைத்தேன். மத்தியானம் சங்கிலியை மீட்டு மானிப்பாய்க்குக் கொண்டுபோனேன். தங்கச்சி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொளுக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“இனி வேலைக்கு எந்தப் பக்கம், அண்ணை?”

“தெரியாது. சோத்தைப் போடு.”

சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. தங்கராசாதான். நடேசண்ணை பெரிய மனதோடு நாளைய தன் முறையில் பாதியை விட்டுக்கொடுத்தாராம். ஆனால் கூலி பாக்கி வைக்கிறவன் என்று ஊரில் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்களாம்.

“நாளைக்கு இறைப்புக்கு வாறீரோ?”

“கூலியை முன்னுக்குத் தந்தால் வாறன்.”

வெள்ளி காலை கிணற்றடியில் அவனே நின்றான், காசைக் கையில் பிடித்தபடி. வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து முதல் வாய்க்காலைத் திறந்துவிட்டேன்.